குடுக்கா

விமானம் ஓட்டப் பழகப்போகிறேன் என்று சொன்னதும் போடி ஏலக்காய்க் கடைகளில் ஒரு வாரம் அதுதான் சிரிப்பு. நாற்பதை நெருங்குகிற வியாபாரிப் பொம்பளைக்கு இது என்ன கிறுக்கு என்று என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரேயே கேட்டார். கிறுக்குதான், நான் மறுக்கவில்லை. வந்தால் சரி, வராவிட்டால் ஏலக்காய் இருக்கவே இருக்கிறது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவனுக்கு அப்படி இல்லை. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன், எங்கள் மாவட்டத்து லோயர் கேம்ப் ஊர்ப் பையன். பயணிகள் விமானத்தில் பைலட்டாகச் சேரவேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் கனவு. அதற்குப் பறந்த அனுபவம் கூடவேண்டும் என்றுதான் பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராக இருந்தான். தேர்வெல்லாம் முடிந்து, உடல் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

அந்தப் பள்ளி எங்கள் மாவட்டத்தில் இல்லை. மலையெல்லாம் முடிந்து கிழக்கே சமவெளியில் இருந்தது. முதல் நாள் என் பேச்சைக் கேட்டதுமே எந்த ஊர் என்று விசாரித்தான். போடி என்றேன். அந்த நிமிஷமே அவனுக்கு நான் அக்கா ஆகிவிட்டேன்.

விமானத்துக்குள் இங்கிலீஷில்தான் பேசவேண்டும். முக்கியமாக, ஓட்டும் பொறுப்பு கைமாறும்போது. இனி நான் ஓட்டுகிறேன் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதற்கு இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்கவேண்டும். நாங்கள் அதையெல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தோம். போகப்போக ஊர்ப் பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. "ரைட்டு குடுக்கா", "கொஞ்சம் பவர் குடுக்கா" என்பான், தோட்டத்து ஜீப் ஓட்டப் பழக்குகிற மாதிரி. எனக்கும் அது சுகமாக இருந்தது. இங்கிலீஷில் சொன்னால் மூளைக்குப் போய்விட்டுத்தான் கைக்கு வரும். இது நேரே கைக்கு வந்தது.

அன்றைக்கு ஆடிக் காற்று. எங்கள் பள்ளத்தாக்கில் தகரக் கூரையைப் பிய்த்துப்போடும் அதே காற்று, அங்கேயும் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு வேண்டாமே என்று கேட்டுப் பார்த்தேன். காற்றில் இறங்கத் தெரியாதவருக்கு இறங்கவே தெரியாது என்று அர்த்தம் என்றான்.

ஓடுபாதையைச் சக்கரம் தொடப்போகும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு வீச்சு எங்களைத் தூக்கியது. தூக்கிவிட்டுச் சட்டென்று அடங்கிவிட்டது. மூக்கு வானத்தைப் பார்த்து நிற்க, வேகம் செத்துக்கொண்டிருந்தது.

"குடுக்கா," என்றான்.

பவர் கொடு, மறுபடி மேலே ஏறிவிடலாம் என்பது அவன் சொன்னது. என்னிடம் கொடு என்பது எனக்குக் கேட்டது. நல்ல பிள்ளையாக இரண்டு கைகளையும் எடுத்துவிட்டேன், கால்களையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அக்கா தேறிவிட்டாள் என்ற நம்பிக்கையில் அவனும் அன்றைக்குக் கையை விலக்கித்தான் வைத்திருந்தான். யாரும் ஓட்டாத விமானம் தொப்பென்று விழுந்து, முன்சக்கரம் ஒடிந்து, புரொப்பல்லர் தரையில் அடிபட்டு வளைய, இழுத்துக்கொண்டே புல்லுக்குள் போய் நின்றது.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவனுக்கு முதுகில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. ஒரே உயரத்திலிருந்து, பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் விழுந்தோம். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் இரண்டு பேருமே நடந்ததை நடந்தபடி சொன்னோம். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அந்த ஒரு வார்த்தையை அவர்களுக்கு விளக்குவதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கடைசியில் காற்றுதான் காரணம் என்று முடித்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து, இந்த ஆடியில் அவன் வீட்டுக்குப் போனேன். பவர்ஹவுஸில் வேலை பார்க்கும் அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். இடுப்பில் பெல்ட்டுடன் மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அரசாங்க வேலைக்கான பரீட்சைப் புத்தகம் ஒன்று பக்கத்தில் கிடந்தது.

"நடமாடுறான், சாப்புடுறான் ஆத்தா. பிளேன் ஓட்டுறதுக்கு மட்டும் இனி ஆகாதுன்னு சொல்லிட்டாக," என்றார் அவன் அம்மா. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. காபிக்குச் சீனி போதுமா என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அம்மா உள்ளே போனதும் என் லைசென்ஸ் பரீட்சை எப்போது என்று கேட்டான். அன்றைக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தான், முதுகு விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எனக்குத்தான் இல்லைன்னு ஆயிருச்சு," என்றான். "நீ விட்டுறாதக்கா."

பறப்பதைத்தான் சொன்னான். எனக்குக் 'கையை விட்டுறாதக்கா' என்று வேறு மாதிரி கேட்டது, இந்தத் தடவையும்.