கோர்ட் கலையும் வரை

என் அத்தை மேல் திருட்டு வழக்கு நடந்த காலத்தில், வாய்தா நாள் வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நிலக்கோட்டையில் பஸ் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து திண்டுக்கல் போகலாம். எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அதனால் ஆறாம் வகுப்பிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. பஸ் போர்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கோர்ட் வராந்தாவில் ஒட்டியிருக்கும் தாளில் அத்தையின் பெயரைத் தேட வேண்டும், எந்த அறை என்று கண்டுபிடித்துக் கூட்டிப் போக வேண்டும். அத்தை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் பின்னால் வருவாள். கோர்ட்டுக்குள் செருப்புப் போடலாம் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. திருப்பூருக்கு வேலைக்குப் போன மாமா அங்கேயே தங்கிவிட்டதால் எங்கள் வீட்டோடு இருந்தாள். ஊரை ஒட்டிய மல்லிகைத் தோட்டம் ஒன்றில் பூ எடுக்கிற வேலை. பூ எடுக்கிறவர்கள் சேலையின் முன்பக்கத்தை மடக்கி இடுப்பில் செருகி மடி கட்டிக்கொள்வார்கள். இரண்டு கையும் மொக்கைக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே இருக்கும். கண் அதற்குள் அடுத்த கிளைக்குப் போயிருக்கும். கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் வெயில் ஏறிவிடும், மொக்கு விரிந்துவிடும், விரிந்த பூவைச் சந்தைக்குப் போகிற வேனில் ஏற்ற மாட்டார்கள்.

ஒரு நாள் வேலை முடிந்த கையோடு, மடியைக் கூட அவிழ்க்காமல், அத்தை திண்டுக்கல்லுக்கு மளிகை வாங்கப் போனாள். புதிதாகத் திறந்திருந்த பெரிய கடை அது. நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, வெளியே வரும்போது பில் போட வேண்டும். இடது கையில் கூடை. வலது கை எடுத்த பருப்பும் புளியும் கூடைக்குப் போயின. ஒரு சோப்பு மட்டும் மடிக்குப் போய்விட்டது. பில் போட்டுப் பணம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது காவலாளி, "மடியில என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். அத்தை குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று அப்பா பிற்பாடு சொல்வார். மாட்டிக்கொண்டவர்கள் அழ வேண்டும் என்று கடைக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள். சிரித்தால் பழகிய திருடி.

அது மல்லிகை வாசனைச் சோப்பு என்பது ஊரில் பெரிய வேடிக்கையாகிவிட்டது. "நாளெல்லாம் மல்லியப்பூவுலயே கெடக்கிறவ, மல்லியப்பூ சோப்பயா போயித் திருடுவா? பிரியாணி மசாலாவ எடுத்திருந்தாலும் ஒரு அர்த்தமிருக்கு" என்று எதிர்வீட்டுக்காரர் அப்பாவிடமே சொன்னார்.

சோப்பின் விலையைப் போலப் பல மடங்கு கட்டிவிட்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு கைநாட்டு வைத்துவிட்டால் விட்டுவிடுகிறோம் என்று கடை மேலாளர் சொல்லியிருக்கிறார். அத்தை மறுத்துவிட்டாள். "சோப்புக்கு உண்டான காசு தாரேன். திருடுனவ குடுக்கிற காச நான் எதுக்குக் குடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறாள். ஆகவே போலீஸ் வந்தது, வழக்கு வந்தது, ஜாமீன் வந்தது, பிறகு வாய்தாக்கள் வர ஆரம்பித்தன.

இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மாவை அமர்த்திக் கொடுத்திருந்தார்கள். சின்ன வயதுதான். கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றபடி அவர் அத்தைக்கு விளக்கிய எல்லாவற்றையும் நானும் கேட்டிருக்கிறேன்.

"திருட்டுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயில் போடலாம், இல்ல அபராதம் போடலாம், ரெண்டையும் சேத்தும் போடலாம். கடைக்குள்ள நடந்ததுன்னு வேற பிரிவப் போட்டா இன்னுங்கூட ஏறும். ஆனா திருடணும்னு நெனச்சுத்தான் எடுத்தீங்கன்னு அவங்க நிரூபிக்கணும். பொருள் மடியில இருந்தா மட்டும் பத்தாது. எண்ணம் வேணும். கேச நடத்துனா நாம ஜெயிக்கலாம்மா."

"எம்புட்டு நாளாகும் தாயி?"

வக்கீலம்மா கேஸ் கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

முதல் விசாரணையில் நீதிபதி ஐயா, குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது அத்தை, "சோப்பு மடியில இருந்தது நெசந்தான் சாமி. மறந்து போட்டுட்டேன், எடுக்கணும்னு எடுக்கல" என்றாள். அப்படியென்றால் மறுக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு சாட்சிக்குத் தேதி போட்டார். அந்தத் தேதியில் காவலாளி வரவில்லை. அவர் கடையை விட்டே போய்விட்டாராம். அடுத்த தேதியில் மேலாளர் வரவில்லை. அதற்கடுத்த தேதியில் நீதிபதியே விடுப்பு. நாங்கள் போவதும், வராந்தாவில் நிற்பதும், பெயரைக் கூப்பிட்டதும் அத்தை உள்ளே ஓடிக் கும்பிடுவதும், புதுத் தேதி வாங்கிக்கொண்டு திரும்புவதுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒவ்வொரு தடவையும் பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு தேங்காய் பன் கிடைக்கும். வழக்கு நீண்டுகொண்டே போனதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அத்தைக்குத் தெரிந்தது. வாய்தா நாள் என்று செடியில் பூ காத்து நிற்காது. அவளுடைய பாத்தியை வேறொருத்தி எடுத்தாள். கடைசியில் தோட்டக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "கோவிச்சுக்காத. வாய்தாவுக்குப் போறியா, பூவுக்கு வாரியா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்புடு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் போனபிறகு அப்பா அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பிறகு, "ஒத்துக்கிட்டு வந்திரு" என்றார். "சின்னக் கேசு, மொதத் தடவ, பொம்பளயாளு. ஒத்துக்கிட்டா அபராதத்தோட விட்டுருவாகன்னு எல்லாருஞ் சொல்றாக."

"எடுக்கலயேண்ணே."

"நீ எடுக்கலங்கறது எங்களுக்குத் தெரியும்ல? கோர்ட்டுக்குத் தெரிஞ்சு என்னாகப் போகுது?"

"அந்தக் கடையிலயே கைநாட்டு வச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். இதுக்கா இம்புட்டு நாளா அலஞ்சேன்?"

அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "அலஞ்சு அலஞ்சு ஆளு பாதியாப் போயிட்ட. போதும்" என்றாள்.

அடுத்த வாய்தாவுக்குப் போகும் வழியில், செம்பட்டி தாண்டியதும், அத்தை என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவிலில் ஞானோபதேச வகுப்புக்குப் போகிறவன். பத்துக் கட்டளையும் தலைகீழாகத் தெரியும்.

"ஏலே அப்பு, செய்யாத பாவத்தச் செஞ்சேன்னு சொன்னா, அது என்ன பாவம்லே?"

எனக்கு மிகவும் சுலபமான கேள்வி. "அது பொய்யி அத்த. எட்டாங் கட்டளை."

"களவு?"

"ஏழு."

"அப்ப ஏழ மீறலன்னு சொன்னா கேசு முடியாது. எட்ட மீறுனா இன்னைக்கே முடிஞ்சிரும்" என்றாள் அத்தை. பிறகு, "கெட்டிக்காரப் பய நீ" என்று என் தலையைத் தடவிவிட்டு, பஸ் நிற்கும்வரை கண்ணை மூடிக்கொண்டாள்.

வக்கீலம்மாவுக்கு அத்தையின் முடிவு பிடிக்கவில்லை. "ஒத்துக்கிட்டா நீங்க திருடினதா பதிவாயிரும். பெறகு இல்லன்னு சொல்ல முடியாது. யோசிச்சீங்களா?" என்று கேட்டார். "யோசிக்கிறதுக்கும் ஒரு தெம்பு வேணும்ல தாயி" என்றாள் அத்தை. அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவருக்கும் அன்று வேறு இரண்டு அறைகளில் வழக்கு இருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தை கூண்டுக்குள் ஏறிக் கும்பிட்டாள்.

"ஒத்துக்கிறதா உங்க வக்கீல் சொல்றாங்க. யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல சாமி."

"சோப்ப எடுத்தீங்களா?"

"மடியில இருந்துச்சு சாமி."

"அத முன்னாடியே சொல்லிட்டீங்க. மறந்து போட்டீங்களா, தெரிஞ்சு எடுத்தீங்களா? மறந்துதான்னா நான் ஒத்துக்கிட்டதா எழுத முடியாது. கேஸ் நடக்கும்."

நீதிபதி கடுமையாகக் கேட்கவில்லை. இப்போது நினைத்தால், ஒரு வழியைத் திறந்துவைத்துவிட்டு அவர் காத்திருந்தார் என்றுகூடத் தோன்றுகிறது. அத்தை வக்கீலம்மாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். சீக்கிரம் முடிந்தால் வெயிலுக்கு முன் பஸ்ஸைப் பிடிக்கலாமே என்று நான் தலையை ஆட்டினேன்.

"தெரிஞ்சுதான் சாமி" என்றாள்.

அவர் எழுதினார். நிமிர்ந்து பார்க்காமலேயே அபராதத்தைச் சொன்னார். அதோடு, கோர்ட் கலையும் வரை இங்கேயே இருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பெண் போலீஸ் ஒருவர் வந்து அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. வராந்தாவில் கால் கடுக்க நின்ற இத்தனை மாதங்களில் எங்களுக்கு அந்த பெஞ்சில் இடம் கிடைத்ததே இல்லை. வழக்கு முடிந்ததற்கு மரியாதையாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அத்தை ஒன்றுக்குப் போக எழுந்தபோது அந்தப் போலீஸம்மாவும் கூடவே போனார். எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். மத்தியானம் அவர் தன் டிபன் டப்பாவிலிருந்து எனக்கு லெமன் சாதம் கொடுத்தார். அத்தை வேண்டாம் என்றுவிட்டாள்.

"போலாமா அத்த?" என்று நாலைந்து தடவை கேட்டிருப்பேன்.

"செத்த நேரம் பொறுலே. இன்னும் கலையல."

அத்தை சும்மா உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் உட்கார்ந்தால் கீரை ஆய்வாள், அரிசி புடைப்பாள். அன்றைக்குக் கையை மடியில் மல்லாத்தி வைத்தபடி, எதிரே சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீதிபதி உள்ளே போனார். அத்தை மட்டும் எழவில்லை. போலீஸம்மாதான் அவள் கையைத் தொட்டு, "எந்திரிங்கம்மா. முடிஞ்சிருச்சு, போலாம்" என்றார்.

அன்று காலையிலிருந்து மாலைவரை அத்தை இருந்தது சிறையில். கம்பியும் பூட்டும் இல்லாவிட்டாலும் சட்டத்தில் அதற்குச் சிறைத்தண்டனை என்றுதான் பெயர். கல்லூரிக்குப் போன பிறகு அதை ஒரு புத்தகத்தில் படித்தேன். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னாச்சு? என்ன தண்டன குடுத்தாக?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தண்டனையெல்லாம் இல்லப்பா. அபராதந்தான். பெறகு ஃபேனுக்கடியில சும்மா உக்காந்திருந்தோம். போலீஸம்மா சோறு குடுத்தாக."

அப்பா மூச்சை விட்டுச் சிரித்தார். "நாந்தான் சொன்னேன்ல? இதுக்குப் போயி இம்புட்டு நாளா பயந்துகிட்டுக் கெடந்த."

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே. சும்மாத்தான் உக்காந்திருந்தோம்" என்றாள். அடுப்படிப் பக்கம் திரும்பி, "வெஞ்சனம் என்ன மதினி வச்சிருக்க? பசிக்கிது" என்று கேட்டாள்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு நான் கை கழுவப் போனேன்.