வால் போடாத நாய்

லிஃப்ட் கம்பெனியின் புகார் அறையில் பதினோரு வருஷமாக வேலை பார்த்த அந்த அம்மாளை எல்லோரும் ரேடியோக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காதில் ஹெட்போன் ஏறிவிட்டால் வாய் மூடாது. எங்காவது லிஃப்ட் நின்றுபோய், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இவருடைய மேஜையில்தான் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை ஆளைப் பதறவிடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். கடைக்காரர் மாட்டினால் விலைவாசி, புதுமாப்பிள்ளை மாட்டினால் மாமியார் வீடு. ஒருவர் கதவு திறந்த பிறகும் கதை பாதியில் நிற்கிறதே என்று வெளியே வர மாட்டேன் என்றாராம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரைக்கு வந்தது ஒரு பெண்குழந்தையின் குரல்.

"யாராவது இருக்கீங்களா? கரண்ட் போயிடுச்சு. லிஃப்ட் நின்னுடுச்சு. மேல குட்டி லைட் மட்டும் எரியுது."

"நான் இருக்கேன் கண்ணு. கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல. ஸ்கூல் விட்டு வந்தேன். அம்மா ஆபீஸ்ல."

எட்டு வயதாம். வீடு ஆறாவது மாடியாம். அக்கா மெக்கானிக்குக்குத் தகவல் கொடுத்துவிட்டு வழக்கம்போலப் பேச ஆரம்பித்தார். அப்போது குழந்தை சொன்னாள்:

"ஆன்ட்டி, நான் குதிச்சுப் பாத்தேன். லிஃப்ட் மேல போச்சு. கொஞ்சம் போயி நின்னுச்சு."

அக்கா இன்னொரு போனில் மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டார். கரண்ட் இல்லாத லிஃப்ட் அசையக் கூடாது. அசைகிறதென்றால் பிரேக் பிடிக்கவில்லை. உள்ளே ஒற்றைக் குழந்தை. கயிற்றின் மறுமுனையில் தொங்கும் இரும்புப் பாளமோ பெருங்கனம். பிரேக் முழுக்க விட்டுவிட்டால் லிஃப்ட் மேலே பாய்ந்து உச்சியில் போய் மோதும்.

விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக் கத்தினார். "டிராஃபிக்ல நிக்கிறேன்க்கா, இருபது நிமிஷம் ஆகும். புள்ளைய அசையவிடாதீங்க. கதவுல கையே வைக்கக் கூடாது!"

கணினித் திரையில் அந்தக் கட்டடத்தின் பழைய புகார்கள் வந்து நின்றன. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒன்று: 'நிற்கும்போது கிறீச்சென்று சத்தம்.' எதிரே 'சாதாரணம்' என்று குறித்திருந்தது. சாதாரணம் என்றால் அடுத்த மாதச் சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். குறித்தவர் யார் என்ற இடத்தில் இருந்தது அக்காவின் ஊழியர் எண்.

அந்த எண்ணை இன்னொரு தடவை படித்தார். குரலை மட்டும் எப்படியோ இழுத்துப் பிடித்தார்.

"மெதுவா மூலையில சாஞ்சு உக்காரு. பையில நோட்டும் பென்சிலும் இருக்கா? நாம நாய் வரையலாமா?"

"எனக்கு வரைய வராது."

"எனக்கும்தான் வராது. நாய் மட்டும் வரும்."

உண்மைதான். மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு நோட்டின் பின்னட்டையில் கட்டம் கட்டமாக நாய் போடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மகள் நச்சரித்து நச்சரித்து அக்காவுக்கு அது கையோடு வந்துவிட்டது.

"முதல்ல பெரிய முட்டை ஒண்ணு போடு. படுத்திருக்கிற முட்டை. அதுதான் தலை. போட்டியா? அதுக்குள்ள, கீழ்ப்பக்கமா ஒரு குட்டி முட்டை. அது மேல கறுப்பா ஒரு பொட்டு வெச்சா மூக்கு."

"வெச்சுட்டேன்."

"மூக்குலேர்ந்து கீழ ஒரு கோடு இழு. கோடு முடியிற இடத்துல ரெண்டா பிரிஞ்சு சிரிக்கணும். இப்ப காது. நனைஞ்ச சாக்ஸை கொடியில போட்டா எப்படித் தொங்கும்? அந்த மாதிரி ரெண்டு."

குழந்தை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்கூட லிஃப்ட் ஆடிவிடுமோ என்று அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஆன்ட்டி, ஒரு கண்ணு பெருசாயிடுச்சு. ரப்பர் அந்தப் பக்கம் உருண்டு போச்சு. எடுத்துட்டு வரேன்."

"எடுக்காதே!"

பதினோரு வருஷத்தில் அவர் அந்தப் போனில் கத்தியது அதுதான் முதல் தடவை. மறுமுனையில் தடாலென்று ஏதோ விழுந்தது. கூடவே கிறீச்சென்று ஒரு நீளமான சத்தம்.

"ஆன்ட்டி, போகுது... மேல போகுது!"

சத்தம் ஓய்ந்தது.

"நின்னுடுச்சு" என்று குழந்தை அழுதாள்.

"தப்பு என்மேலதான் கண்ணு, கத்திட்டேன். இருக்கிற இடத்துலயே உக்காந்துக்கோ. ரப்பர் வேணாம். அந்தப் பெரிய கண்ணைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு லேசா கறுப்படி. கண்ணைச் சுத்தி கறுப்பா இருந்தா நாய்க்கு அதுதான் லட்சணம்."

விசும்பலுக்கு நடுவில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. பேரிக்காய் மாதிரி உடம்பு போடச் சொன்னார். கழுத்துக்குப் பட்டை. நேரம் போகவேண்டுமே, பட்டை முழுக்கக் கட்டம் போடச் சொன்னார். கட்டத்துக்கு ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். முன்னங்கால் இரண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று விரல். திரையில் அந்த 'சாதாரணம்' அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

திடீரென்று மேலே இரும்பில் இரும்பு அடிக்கும் ஓசை. குழந்தை அலறினாள். லைன் அறுந்தது.

நான்கு நிமிஷம். பக்கத்து மேஜைப் பெண் தோளைத் தொட்டது அக்காவுக்குத் தெரியவில்லை. செத்துப்போன லைனில், "பின்னங்கால் மடங்கின மாதிரி இருக்கட்டும் கண்ணு, நாய் உக்காந்திருக்கு இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மெக்கானிக்கின் போன் வந்தது. "கயித்தைப் பூட்டிட்டேன்க்கா. புள்ள வெளிய வந்துட்டா, ஒரு கீறல் இல்ல. வால் போட விடலைன்னு என்னை முறைக்கிறா."

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேஜையில் தலை கவிழ்ந்தார்.

மறுநாள் மேலாளரிடம் போய் அந்தப் பழைய புகாரைக் காட்டினார். "சத்தம்னா சாதாரணம்னுதான் நம்ம விதியே இருக்கு. நீங்க செஞ்சது சரிதான்" என்றார் அவர். அக்காவின் மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை விலாசம் தேடிப் போய், ஆறு மாடியும் படியேறி, மூச்சிரைக்கக் குழந்தையின் அம்மா முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த அம்மா கதவுப் பிடியை விடாமலே கேட்டாள். "இதை என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"நாலு நாளா அப்படி இருந்து பாத்தேன். முடியல."

"அவ பாத்ரூம் கதவைக்கூட சாத்த மாட்டேங்கறா" என்றாள் அவள். திட்டவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

அதன்பிறகு எந்தச் சத்தப் புகார் வந்தாலும் அக்கா 'அவசரம்' என்றே குறித்தார். "கொசு கத்தினாலும் அவசரமா?" என்று மெக்கானிக்குகள் முணுமுணுத்தார்கள். "லிஃப்டுக்குள்ள கத்தினா அவசரம்தான்" என்பார். ஓய்வு பெறும்வரை இன்னும் நான்கு வருஷம் அதே நாற்காலியில் இருந்தார். ஆனால் மணி அடித்ததும் அவர் கை ஒரு நொடி காற்றிலேயே நிற்கும். அதன்பிறகுதான் பொத்தானை அழுத்தும்.