மஞ்சள் கிண்ணம், சிவப்புக் கிண்ணம்

இருக்கக் கூடாத ஒன்றைத் தேடித் தேடி, கடைசியில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் எங்கள் தொழில். அறுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு அந்த வேலை வாய்த்தது. அதுவரை ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்த எங்கள் தலையில், அணு உலைக்கான கிராஃபைட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள். கிராஃபைட் ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை, பென்சிலுக்குள் இருக்கிற கரிதான். ஆனால் அதில் போரான் என்கிற சமாசாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலும் உலை மக்கர் பண்ணும்.

நீங்களும் ஏதோ ஓர் ஆபீசில் காலம் தள்ளுகிறவர்தானே, எங்கள் அமைப்பைச் சொன்னால் உங்களுக்கே புரியும். மேலே டாக்டர் சேஷகிரி. அவருக்குக் கீழே என்னையும் சேர்த்து மூன்று எம்.எஸ்ஸி.க்கள். ஸ்டோர், சம்பளம், லீவு, மெமோ எல்லாவற்றுக்கும் சூப்பரிண்டெண்ட் நரசிங்கராவ். எல்லோருக்கும் அடியில், கிண்ணங்களைக் கழுவுகிற ஆரோக்கியசாமி. மர்பி டவுன்காரர், பதினொரு வருஷமாக டெம்பரரி. நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் பர்மனென்ட் ஆகாவிட்டால் ஆயுசுக்கும் ஆக முடியாது என்று விதி. அவருக்கு அந்த நாற்பத்தைந்து வர இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. ஃபைல் நரசிங்கராவ் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது.

வதந்தியும் நியூட்ரானும்

ஒக்கலிபுரத்தில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாளுக்கு ஒரே பயம், அவர்கள் வீட்டு மாடியில் நான் அணுகுண்டு செய்கிறேன் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "உள்ளதைச் சொல்லிடு தம்பி" என்று எதிரே உட்கார்ந்துவிட்டார். சரி, சொல்லித்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன்.

"ஒரு வதந்தி கிளம்புதுன்னு வெச்சுக்கங்கம்மா. நீங்க ரெண்டு பேர்கிட்டே சொல்றீங்க. அவங்க ஆளுக்கு ரெண்டு பேர்கிட்டே சொல்றாங்க. தெருவே பத்திக்குது. அந்த வதந்திதான் நியூட்ரான். உலைக்குள்ளே யுரேனியம் அப்படித்தான் ஒண்ணை ஒண்ணு பத்தவைக்குது. நடுவுலே ஒரு ஆள், கேட்டதையெல்லாம் வயித்துக்குள்ளே போட்டுக்கிட்டு யார்கிட்டேயும் மூச்சு விடாம இருந்தா என்ன ஆகும்? வதந்தி அங்கேயே செத்துப்போகும். அந்த ஆள்தான் போரான். அளவா, நம்ம கைக்கு அடங்கினா மாதிரி இருந்தா நல்லவன். உலையை அடக்கிவைக்கிற கம்பியிலே அவனைத்தான் வேணும்னே போட்டுவெக்கிறாங்க. கம்பியை உள்ளே விட்டா உலை அடங்கும், வெளியே இழுத்தா வேலை நடக்கும். ஆனா அழைக்காமலே, உலையிலே அடுக்கி வெக்கிற கிராஃபைட் கரிக்குள்ளே வந்து உட்கார்ந்துட்டான்னா உலை எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அவனைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

அம்மாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "நீ என்ன வேணா சொல்லு, கேட்டதை வெளியே சொல்லாத ஆளுன்னு ஒருத்தரை இந்த ஒக்கலிபுரத்துலே நான் பார்த்ததே இல்லை."

உடையாத கண்ணாடி

போரானைப் பிடிக்க எங்களிடம் இருந்த ஆயுதம் மஞ்சள். சிரிக்காதீர்கள், நம் சமையலறை மஞ்சள்தான், அதிலிருந்து எடுத்த சத்து. கிராஃபைட்டை எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, இந்த மஞ்சளோடு சேர்த்துக் கிண்ணத்தில் உலர்த்த வேண்டும். போரான் இல்லாவிட்டால் கிண்ணம் மஞ்சளாகவே இருக்கும். இருந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டுச் சிவக்குமே, அந்தச் சிவப்பு அமிலம் விட்டால் ஓடிப்போகும். போரான் சிவப்பு ஓடாது.

இந்த வேலைக்குச் சாதாரண கண்ணாடிச் சாமான் ஆகாது, சிலிக்காக் கிண்ணம்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நரசிங்கராவ் "நோடோணா" என்றார். கன்னடத்தில் அதற்குப் 'பார்க்கலாம்' என்று அர்த்தம், அவர் அகராதியில் 'மறந்துவிடு' என்று அர்த்தம். மூன்று வாரம் கழித்து ஒரு மரப்பெட்டி வந்தது. திறந்தால், அடுப்பில் வைத்தாலும் விரியாத உயர்ந்த சீமைக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பலம் வருவதே போரானைக் கலந்து உருக்குவதால்தான். வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை வைத்துப் பார்த்தேன், அதுவும் லேசாகச் சிவந்தது.

தலையில் அடித்துக்கொண்டு கிண்ணத்தோடு அவர் மேஜைக்குப் போனேன். அவர் அதை வாங்கி விரலால் டங்கென்று தட்டிக் காட்டிவிட்டு, கன்னட மரியாதைக்கு ஒரு 'ரீ' போட்டுச் சொன்னார்: "எல்லா டிபார்ட்மெண்டும் சாமான் உடைஞ்சிடுச்சுன்னு கம்ப்ளைண்ட் கொடுப்பாங்க ரீ. உடையலைன்னு கம்ப்ளைண்ட் கொடுக்கிற முதல் ஆளு நீங்கதான்."

மெமோவுக்கு அடங்காத வாயு

பம்பாயிலிருந்து ஒரு நிபுணர் வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். போரானாவது வெளியிலிருந்து வருகிற வில்லன், உலை தானே தன் வயிற்றில் பெற்றுக்கொள்கிற வில்லன் ஒருவன் உண்டு, செனான் என்று ஒரு வாயு என்றார். உலை ஓடும்போது அது உண்டாகும், நியூட்ரானை விழுங்கும், விழுங்கியே தானும் அழியும். உலையை நிறுத்தினால்தான் வம்பு. அழிக்க ஆளில்லாமல் செனான் மணிக்கு மணி பெருகிவிடும். பெரிய உலையாக இருந்தால் மறுபடி கிளப்ப முடியாது, அது தானாகத் தேய்கிறவரைக்கும் ஒரு நாளோ இரண்டு நாளோ சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு இது புதிதாகவே படவில்லை. நரசிங்கராவ் தசரா லீவு போய்விட்டு வந்தால் முதல் இரண்டு நாள் எந்த ஃபைலும் அசையாது. ஆரோக்கியசாமி அந்த இரண்டு நாளும் அவர் அறை வாசலில் நின்று, நின்று, திரும்பி வருவார். நாற்பத்தைந்துக்கு அப்போது இரண்டே மாதம்தான்.

பாடம் முடிந்து, சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார் நிபுணர். பின்வரிசையிலிருந்து நரசிங்கராவ் மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்: "அந்த செனானுக்கு முன்கூட்டியே ஒரு மெமோ கொடுத்துட்டா சரியாகாதா சார்?"

தபாலில் போன நல்ல கிராஃபைட்

சிலிக்காக் கிண்ணம் ஒருவழியாக வந்து சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. காலையில் சோதித்த சாம்பிள் மஞ்சள். அதே சாம்பிளை மத்தியானம் சோதித்தால் சிவப்பு. 'போரான் அதிகம்' என்று எழுதி எழுதி, மூன்று வாரத்தில் வந்த கிராஃபைட்டையெல்லாம் தயாரித்தவர்களுக்கே திருப்பி அனுப்பினோம். அவர்களும் பாவம், கோபமாகப் பதில் எழுதினார்கள்.

டாக்டர் சேஷகிரிக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. எங்கே தேடுவார்? கீழேதான். காலையில் ஒழுங்காகக் கழுவுகிற ஆரோக்கியசாமி, சாப்பாட்டுக்குப் பிறகு சோம்பேறித்தனத்தில் வெண்காரம் கலந்த சோப்புத் தூளைப் போட்டுக் கழுவுகிறார், அதில் இருக்கிற போரான்தான் இது என்று தீர்மானித்துவிட்டார். மெமோ வந்தது. மெமோ நிலுவையில் இருக்கும் ஆளைப் பர்மனென்ட் ஆக்க முடியாது. அதுவும் விதிதான்.

ஆரோக்கியசாமி என்னிடம் வந்து இங்கிலீஷில் பதில் எழுதித் தரச் சொன்னார். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஏழு தடவை கழுவியதாகச் சொன்னார். எனக்குத்தான் உலகம் தெரியுமே, பெரியவர்களோடு மல்லுக்கட்டினால் ஃபைல் இன்னும் கீழே போகும் என்று, மன்னிப்புக் கேட்டு உருக்கமாக ஒரு பக்கம் எழுதிவிட்டேன். எழுதியதைத் தமிழில் படித்துச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்பு பண்ணிட்டேன்னு எழுதியிருக்கீங்களே சார், எந்தத் தப்புன்னு கொஞ்சம் சொல்லுங்க, டாக்டருக்கு இல்லாட்டியும் எனக்காவது தெரியணும் இல்லே?"

டப்பா

இப்போது எங்கள் சாப்பாட்டு நேரத்தைச் சொல்ல வேண்டும். சோறு பத்து நிமிஷம், கேரம் ஐம்பது நிமிஷம். பக்கத்து அறையில் போர்டு. டாக்டர் சேஷகிரிதான் சாம்பியன், அவருக்கு ஜோடி நான். அந்த போர்டை வாங்கி வந்தவனும் நான்தான், சொல்லிவிடுகிறேன். காய் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பவுடரை அள்ளி அள்ளிக் கொட்டுவோம். ஆட்டம் முடிந்ததும் டாக்டர் நேரே லாபுக்கு வருவார். கிராஃபைட் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து, நைசாக அரைந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, திரும்ப அந்தக் கிண்ணத்திலேயே உதறிவிட்டுப் போவார். அவர் கை படாத சாம்பிளே கிடையாது.

ஒரு நாள் ஆரோக்கியசாமி கேரம் அறையைப் பெருக்கிவிட்டு, காலி டப்பா ஒன்றைத் துண்டில் மூடி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் வீட்டில் பிள்ளைகளுக்குக் கண் நோவு வந்தால் இதைத்தான் வெந்நீரில் கரைத்துக் கழுவுவார்களாம், அதனால் டப்பாவைத் தெரியும் என்றார். அதன்மேல் 'போரிக்' என்று என் கட்டைவிரல் பருமனில் அச்சடித்திருந்தது. போரிக் அமிலம், போரானின் சொந்தப் பிள்ளை. பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தேடுகிற மூன்று எம்.எஸ்ஸி.யும் ஒரு டாக்டரும் தினம் அந்த மாவில் குளித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அது 'பவுடர்', அவ்வளவுதான்.

எத்தனை நாளாக இது உங்களுக்குத் தெரியும் என்று கேட்டேன். அவர் டப்பாவை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வாரமா ஒரு சந்தேகம் சார். ஆனா 'டாக்டர், கையைக் கழுவிக்குங்க'ன்னு கிண்ணம் கழுவுறவன் எப்படிச் சொல்றது?"

நாலு கிண்ணம்

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இல்லை. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் கேரம் வேறு ஆடினேன், ஆடாமல் இருந்தால் டாக்டர் ஏன் என்று கேட்பாரே என்ற பயம். ஆரோக்கியசாமியோ வழக்கம்போல ஏழு தடவை கழுவிக் கிண்ணங்களைத் துணிமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்தைந்துக்குப் பதினெட்டு நாள்.

மூன்றாம் நாள், காலையில் மஞ்சளாக நின்ற நல்ல கிராஃபைட்டையே நாலு கிண்ணத்தில் எடுத்துவைத்தேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் வந்ததும், ஒன்றை யாரும் தொடக் கூடாது என்றேன். ஒன்றை டாக்டர் சிட்டிகை எடுத்துத் தேய்த்து உதறினார். ஒன்றை நான். கடைசிக் கிண்ணத்தை ஆரோக்கியசாமி தொட்டார். மற்ற இரண்டு எம்.எஸ்ஸி.க்களும் எதற்கு இந்த வேடிக்கை என்று சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

சோதனை முடிந்து கிண்ணங்கள் உலர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. தொடாத கிண்ணம் மஞ்சள். ஆரோக்கியசாமியின் கிண்ணம் மஞ்சள். டாக்டருடையதும் என்னுடையதும் சிவப்பு. டப்பாவை எடுத்து நடுவில் வைத்தேன், மெமோவை வாபஸ் வாங்காவிட்டால் இனி எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே யாருடைய குரலோ போல இருந்தது. டாக்டர் சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு கிண்ணத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "நோட் பண்ணிக்கோங்க, என்னோடதைவிட உங்க கிண்ணம்தான் அதிகச் சிவப்பு."

எச்சரிக்கை

கிராஃபைட் தயாரித்தவர்களுக்குக் கடிதம் போயிற்று, 'தங்கள் பொருளின் தரம் தற்போது வெகுவாக உயர்ந்துள்ளது' என்று. கேரம் போர்டு டாக்டர் வீட்டுக்குப் போயிற்று. மெமோ மட்டும் போகவில்லை. கொடுத்த மெமோவைச் சும்மா மூட விதியில் இடமில்லை, தண்டனையோ எச்சரிக்கையோ ஒன்றைப் போட்டுத்தான் மூட வேண்டும் என்று நரசிங்கராவ் பிடிவாதமாக நின்றார். யாருக்கு எச்சரிக்கை என்று கேட்டேன். மெமோ யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு என்றார். அப்படியே செய்தார்கள். எச்சரிக்கை போட்டதும் மெமோ மூடியது, மூடியதும் ஃபைல் எழுந்து நடந்தது. பிறந்த நாளுக்கு நாலு நாள் முன்னால் பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது.

இரண்டு காகிதத்தையும் சேர்த்தே ஆரோக்கியசாமியிடம் கொடுத்தார்கள். என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். முதலில் ஆர்டரைப் படித்தேன். கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்ததைப் படித்தேன்: 'திரு. ஆரோக்கியசாமி இனி ஆய்வுக்கூடத்தில் கேரம் விளையாடக் கூடாது என்று கடுமையாக எச்சரிக்கப்படுகிறார்.' பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் ஸ்ட்ரைக்கரைத் தொட்டதில்லை, அவரை யாரும் ஆடக் கூப்பிட்டதும் இல்லை.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "ஆடாதவனுக்கு எச்சரிக்கை கொடுத்துட்டாங்க, சரி. ஆடினவங்களுக்கு என்ன கொடுத்தாங்க சார்?"

நியூட்ரானை விழுங்குகிற பொருளைக் காட்டிக்கொடுக்க ஒரு சிட்டிகை மஞ்சள் போதும், உண்மையை இரண்டு நாள் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்த என்னைப் போன்ற பொருளைக் காட்டிக்கொடுக்க எந்த லாபிலும் இன்னும் கிண்ணம் வாங்கவில்லை, எழுதிக் கேட்டால் நரசிங்கராவ் 'நோடோணா' என்பார்.