எச்சில் இலை பார்த்து ஓட்டல் பிடித்த மாரியப்பன்

எங்கள் ஏரிக்கரைக் குப்பத்து சடுகுடு டீமில் மாரியப்பண்ணன் ஒருநாள்கூடக் கோட்டைத் தாண்டி 'சடுகுடு' பாடிப் போனவர் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் டீம் எந்த ஊருக்கும் போனதும் இல்லை. சின்ன வயசிலிருந்தே அவருக்கு இழுப்பு. 'சடுகுடு' என்று நாலு தரம் சொல்வதற்குள் நெஞ்சு விசில் அடிக்கும். ஆட முடியாதவர் டீமோடு எப்படி ஒட்டிக்கொண்டார் என்றால், சோற்றால் ஒட்டிக்கொண்டார். வெளியூர் போனால் எங்கே சாப்பிடுவது, என்ன குடிப்பது என்று முடிவு செய்வது அவர் வேலை. அந்த வேலைக்கு யாரும் அவரை வைக்கவில்லை. அவராகவே வைத்துக்கொண்டார்.

அவர் ஓட்டல் பிடிக்கிற விதமே தனி. வாசல் பக்கம் போகவே மாட்டார். நேராகப் பின்பக்கச் சந்துக்குள் நுழைந்து, வெளியே எறிந்திருக்கிற எச்சில் இலைகளைப் பார்ப்பார். குந்தி உட்கார்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரிப் பார்ப்பார்.

"வாசல்ல இருக்கறவன் பொய் சொல்வான். போர்டு பொய் சொல்லும். துன்னுட்டுப் போட்ட எலை பொய் சொல்லாது" என்பார். "கொழம்பு மிச்சம் இருந்தா உப்பு ஜாஸ்தி. கூட்டு மிச்சம் இருந்தா நேத்து பண்ணது. எலை கழுவி உட்டாப்பல இருந்தா, அங்க உள்ள போலாம்."

எங்கள் குப்பத்தில் முதல் பி.ஏ. நான். இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் அம்மா என்னோடு பேசமாட்டாள். ஊரில் எல்லாருக்கும் என் பெயர் மறந்தே போய், 'பி.ஏ.' என்பதுதான் நிலைத்திருந்தது. போகிற ஊரில் போர்டு படிக்கவும், மேட்ச் நடத்துகிறவர்களிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசவும் என்னைக் கூட்டிப்போவார்கள். ஒருமுறை ஓட்டல் போர்டைப் படித்து, "சுத்தமான, சுவையான உணவுன்னு போட்டிருக்கு அண்ணே" என்றேன். "நீ போர்டு படி பி.ஏ., நான் எலை படிக்கிறேன்" என்று சந்துக்குள் போய்விட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சறுக்கல் வந்தது. எழுபதாம் வருஷம் பொன்னேரியில் பைனல். அன்று அவர் தேர்ந்தெடுத்த இடத்தில் இலைகளைக் காக்காய்கூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்கு வழித்துச் சாப்பிட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களும் ஆட்டுக்கறிக் குழம்பை அப்படியே வழித்துச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் எங்கள் பெரிய பாட்டுக்காரன் கலியன் எதிர்க்கோட்டுக்குள் இறங்கினான். ரெண்டு பேரைத் தொட்டும்விட்டான். திரும்பி வருகிறான், கோட்டுக்கு இன்னும் ஒரு தாவு. அப்போது வந்தது ஒரு ஏப்பம். மைதானம் முழுக்கக் கேட்டது. சடுகுடுவில் மூச்சு அறுந்தால் ஆள் அவுட். அந்த ஒரு ஏப்பத்தில் கோப்பை போயிற்று.

கேப்டன் மணவாளன் பஸ்ஸில் திரும்பும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டான். "தோ பாரு மாரி. அடுத்த வருசம் ஒரு சான்சு. அப்பவும் உன் சோத்தால தோத்தோம்னு வெச்சுக்கோ, நீ ஊட்டுல குந்திக்கினு வலை பின்னு. எங்க கூட பஸ் ஏறாத."

மாரியப்பண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீமில் அவருக்கு இருந்தது அந்த ஒரு இடம்தான்.

அந்த ஒரு சான்ஸ் எழுபத்தோராம் வருஷம் திருவள்ளூரில் வந்தது. பைனலில் எதிரே கும்மிடிப்பூண்டி டீம். பொன்னேரியில் பஸ் மாறி, செங்குன்றம் சுற்றிப் போய் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஆட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு.

இறங்கியதும் கலியன் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த பிரியாணிக் கடையைக் காட்டினான். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கலர் சோடா பாட்டில்கள் வரிசையாக நின்றன.

"ணா, மீனும் இருக்குதாம்ணா" என்றான் கலியன்.

மாரியப்பண்ணன் பின்பக்கம் போய்விட்டு வந்தார். முகம் சரியில்லை. "வறுத்த மீனை ஒரு கடி கடிச்சுட்டு அப்டியே வெச்சுட்டுப் போயிருக்கான் பாரு, ஒவ்வொருத்தனும். ஏரியில பொறந்தவன் துன்ற மீனா அது? வாணாம்."

"மீன் இல்லாம துன்னுட்டு எவன்யா பாடுவான்?" என்றான் மணவாளன்.

"கறியத் துன்னுட்டுப் பாடுனதத்தான் போன வருசம் பாத்தமே. சோடாவும் ஆட்டம் முடியற வரைக்கும் எவனும் தொடக்கூடாது. தண்ணிதான்."

மணவாளன் பல்லைக் கடித்துக்கொண்டான். சான்ஸ் கொடுத்தாயிற்று, வார்த்தை வார்த்தைதான்.

தெருத்தெருவாக அலைந்தோம். எந்தச் சந்து இலையும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் ரசம் தேங்கி நின்றது, இன்னொன்றில் பொரியல் அப்படியே கிடந்தது. பசியில் கலியன், "ணா, இன்னும் நாலு சந்து பாத்தா நானே எலையத் துன்னுடுவேன்" என்றான். கோயில் குளத்துப் பக்கம் ஒரு சந்தில் நுழைந்தவர் சட்டென்று நின்றார். ஒரு மதில் சுவரை ஒட்டி இலைகள் குவிந்து கிடந்தன. ஒன்றிலும் பருக்கை இல்லை. அப்பளத்தின் ஓரம்கூட மிச்சமில்லை.

"இன்னாடா இது!" என்றார், கோயிலில் சாமி பார்த்தவர் மாதிரி. "பாயசம் ஓடுன எடத்தக்கூட வழிச்சிருக்கான் பாரு."

"போர்டையே காணோமே அண்ணே" என்றேன்.

"நல்லா சமைக்கிறவனுக்கு போர்டு இன்னாத்துக்கு?" சுவரில் செங்காவி பூசி, மேலே பெரிய நாமம் எழுதியிருந்தது. அதைக் காட்டி, "தோ, நாமக் கிளப்பு. ஐயங்கார் ஓட்டல். வாங்கடா" என்று பின்கதவைத் தள்ளினார்.

உள்ளே கொட்டகையில் அடுப்புகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. மடிசார் கட்டிய ஒரு மாமி எங்களைப் பார்த்ததும், "வந்துட்டேளா? எத்தனை நாழியாக் காத்துண்டிருக்கோம்!" என்றாள். பெயர் கோமளவல்லி என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது எங்களுக்கு அவள் ஓட்டல்காரம்மா.

மாரியப்பண்ணன் என் காதில், "பாத்தியா, கஸ்டமரைக் கவனிக்கிற தோரணை" என்றார்.

மாமி எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "நாலு பேரைன்னா வரச் சொன்னார்? பட்டாளமே வந்திருக்கே. சரி, சரி, உக்காருங்கோ. முதல்ல சாப்பிட்டுடுங்கோ."

கொட்டகை ஓரமாக இலை போட்டார்கள். பருப்பு, கறியமுது, குழம்பு, சாத்தமுது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தது.

"சாத்தமுதுன்னா இன்னாபா?" என்றான் கலியன்.

"ரசம்தான். உறிஞ்சு" என்றான் மணவாளன். அவனுக்கே கோபம் குறைந்துவிட்டது. மீன் இல்லை என்பது ரெண்டாவது சோற்றிலேயே மறந்து போயிற்று. பாயசம் வந்தபோது ஆளாளுக்கு இலையை மடக்கி அணை கட்டினார்கள். நானும் கட்டினேன். பி.ஏ. என்பதற்காகப் பாயசத்தை ஓடவிட முடியுமா?

மாரியப்பண்ணன் மட்டும் கவலையோடு கலியன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போதும்டா. ஏப்பம் வந்துடப்போவுது."

"இன்னும் ஒரு கரண்டிணா."

"டேய், நான் வலை பின்னணுமா?"

கை கழுவி வந்து, "பில்லு எவ்ளோன்னு கேளு" என்று மணவாளன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பஞ்சகச்சம் கட்டிய பெரியவர் ஒருவர் வேகமாக வந்தார். அவர் பெயர் பாஷ்யம். "சாப்பாடு ஆச்சா? சரி, மசமசன்னு நிக்காதீங்கோ. ஆட்டுக்கல் அங்கே இருக்கு, வாங்கோ" என்றார்.

எல்லாரும் மாரியப்பண்ணனைப் பார்த்தோம். சாப்பிட்டுக் காசு இல்லை என்று கை விரிக்கிறவனை ஓட்டலில் மாவாட்டச் சொல்வார்கள் என்பது குப்பத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"யோவ் மாரி, நாம இன்னும் பில்லே கேக்கல. அதுக்குள்ள ஆட்டுக்கல்லைக் காட்றான்!" என்றான் மணவாளன்.

"நம்ம மூஞ்சப் பாத்து டப்பு இல்லன்னு நெனச்சுட்டாரு போலக்குது" என்றான் கலியன்.

மாரியப்பண்ணன் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டார். "சாமி, எங்ககிட்ட டப்பு இருக்குது."

"கூலியைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். கல்லைத் தூக்கு முதல்ல. ராத்திரிக்குள்ளே இட்லிக்கு ஆட்டியாகணும்."

மாவாட்ட அல்ல, கல்லைத் தூக்கத்தான். அடுத்த தெருவைத் தாண்டி ஒரு சத்திரத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டுமாம். ஒரு கல் அல்ல, ரெண்டு. கூடவே யானைக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி வெண்கல அண்டாக்கள். பாயசம் போட்ட இடத்தில் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. படகைக் கரையேற்றுகிற தோள்கள்தானே! மூங்கிலில் கயிறு கட்டித் தூக்கிவிட்டார்கள்.

கல்லோடு வாசல் வழியாக வெளியே வந்தபோதுதான் நான் பார்த்தேன். ரெண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம். மாவிலைத் தோரணம். செம்மண் கோலம். பந்தல் முகப்பில் 'நல்வரவு'. நான் படித்த படிப்புக்கு அன்றைக்கு வந்த ஒரே வேலை அதுதான், அதுவும் நேரம் கழித்து வந்தது.

"அண்ணே" என்றேன், மாரியப்பண்ணன் காதோரமாக. "இது ஓட்டல் இல்ல. கல்யாண ஊடு."

அண்ணன் ஒரு நிமிஷம் நடையை நிறுத்தினார். நெஞ்சு மெல்ல விசில் அடித்தது. "கத்தாத பி.ஏ. கல்லு இப்போ மணவாளன் தோள்ல இருக்குது. அவன் காதுல வுழுந்தா என் தலை மேல வரும்."

ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அண்டாவைத் தூக்கினோம். முன்னால் எங்கள் ஆட்கள் வலை இழுக்கிற மாதிரி 'ஐலசா' போட்டுக்கொண்டு போனார்கள். சாமி புறப்பாடோ என்று வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி கும்பிட்டேவிட்டாள். ஒவ்வொரு 'ஐலசா'வுக்கும் கலியனிடமிருந்து ஒரு ஏப்பம். முதலில் பருப்பு, பிறகு குழம்பு, குளத்து முனை திரும்பும்போது பாயசம். தெரு முழுக்க அவன் ஏப்பம் விட்டுக்கொண்டே போனான். ஒவ்வொன்றுக்கும் மாரியப்பண்ணன் கண்ணை மூடி மூடித் திறந்தார். தன் பஸ் சீட்டு தூரத்தில் போவது அவருக்குத் தெரிந்தது.

சத்திரத்தில் கல்லை இறக்கி நிமிரும்போது, மூங்கிலும் கயிறுமாக நாலு பேர் வந்து நின்றார்கள். "சாமி, கல்லு தூக்க வரச் சொன்னீங்களே" என்றார்கள்.

பாஷ்யம் அவர்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அப்போ நீங்கள்ளாம் யாரு?"

"சடுகுடு ஆட வந்தவங்க சாமி" என்றான் மணவாளன்.

"சடுகுடு ஆட வந்தவாளுக்கு என் பொண்ணு பூமா கல்யாணத்துல என்ன வேலை?"

மாரியப்பண்ணன் குரலை எப்படியோ வெளியே எடுத்தார். "ஓட்டல்னு நெனச்சு வந்துட்டோம் சாமி. பில்லு எவ்ளோன்னு சொன்னா..."

பாஷ்யத்தின் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனுஷருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓட்டலா! சாப்பாடு எப்படி இருந்தது, அதைச் சொல்லும் முதல்ல."

"எலையிலயே தெரிஞ்சுது சாமி" என்றார் மாரியப்பண்ணன்.

இந்த உபசாரத்தால் மணவாளன் மனம் இளகவில்லை. மைதானத்துக்கு ஓடும்போது, "கல்யாண ஊட்ல கல்லு தூக்க வெச்சிட்டான். தோளு கழண்டு போச்சு. இன்னிக்குத் தோத்தா, மாரி, நீ பஸ்ல வேணாம், நடந்தே ஊருக்கு வா" என்று கத்திக்கொண்டே ஓடினான். பின்னால் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி ஓடிவந்த அண்ணன், "சரி" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் கடைசிவரை இழுபறி. முடிய நேரம் நெருங்கியபோது நாங்கள் ஒரு புள்ளி முன்னால். கும்மிடிப்பூண்டியின் பெரிய பாட்டுக்காரன் இறங்கினான். ஆள் கதவு மாதிரி இருந்தான். எங்களில் ரெண்டு பேரைத் தொட்டுவிட்டான். கலியன் அவன் காலைப் பிடித்தான், அவன் உதறினான், கோட்டுப் பக்கமாகக் கையை நீட்டினான். விரலுக்கும் கோட்டுக்கும் ஒரு சாண். அவன் வாயில் 'சடுகுடு சடுகுடு' ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது அது வந்தது. பிரியாணியும் கலர் சோடாவும் சேர்ந்து எழுப்பிய ஏப்பம். பொன்னேரி ஏப்பம் அதன் முன்னால் குழந்தை. நடுவர் விசில் அடிக்கவே மறந்துபோய் ஒரு கணம் நின்றார், பிறகு கையை உயர்த்தினார். அவுட்!

கூட்டம் கலியனைத் தூக்கியது. கலியன் பெருமையோடு சொன்னான்: "எனுக்கு ஒரு ஏப்பமும் வரல. எல்லாம் தெருவுலயே போயிடுச்சு."

அதைக் கேட்ட மணவாளன் திரும்பி மாரியப்பண்ணனைத் தேடினான். அண்ணன் மைதானத்து ஓரத்தில் வேப்ப மரத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தண்டனை கேட்க வந்தவர் மாதிரித்தான் முகம்.

"மாரி, கல்லு தூக்க வெச்சது நீ வேணும்னே செஞ்சதா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "பின்ன?" என்றார் மாரியப்பண்ணன்.

அடுத்த வருஷம் அரக்கோணத்தில் மேட்ச். விடிகாலை முதல் பஸ்ஸில் மணவாளன் ஜன்னல் ஓரத்து சீட்டில் துண்டைப் போட்டு வைத்திருந்தான். யாரையும் உட்காரவிடவில்லை. மாரிக்குக் காற்று வேண்டும், இல்லாவிட்டால் இழுப்பு வந்துவிடும் என்றான். அண்ணன் நிதானமாக ஏறி, துண்டை எடுத்து உதறி உட்கார்ந்தார். பஸ் கிளம்பியதும் என் பக்கம் குனிந்து கேட்டார்:

"பி.ஏ., அரக்கோணத்துல நல்ல கனமான கல்லு எங்க கெடைக்கும்?"