அவளுக்காக எழுதிய வரிகள்

2024 மார்ச் 9, சனிக்கிழமை. காலையில் மன்னார்ச் சந்தையில் மீன் வாங்கினேன். மாலையில் மனைவியோடு தோட்டவெளி மண்டபத்துக்குப் போனேன். கணினியில் கட்டளை எழுதி, அந்த இடத்திலேயே இசை உண்டாக்கும் ஒரு பெண் வந்திருந்தார். குட்டை முடி, விசையைத் தட்டுமுன் உதட்டைக் கடிப்பார். அவர் எழுதுவதெல்லாம் பெரிய திரையில் தெரிந்தது.

“எனக்குத்தான் காது கேக்காதே, போவம் வாங்கோ,” என்றாள் மனைவி. அவள் குரல் மேடைவரை போய்விட்டது.

“இருங்கோ அக்கா” என்று திரையில் எழுத்து வந்தது. அதன்பின் கட்டளைகளுக்கு நடுவே, ஒலி எழுப்பாத வரிகளையும் அவளுக்காக எழுதினார்: “இப்ப தூறல் மாதிரி மெல்லமா.” திடீரென்று இசை நின்றது. “ஐயோ, கட்டளையில ஒரு புள்ளியை விட்டிட்டன்!” என்று எழுதினார். மண்டபத்தோடு சேர்ந்து மனைவியும் சிரித்தாள்.

மறுநாள் எழுந்ததும், அவளுக்குக் கேட்காதென்று நிறுத்தியிருந்த வானொலியைப் போட்டு, செய்தியில் என்ன வாசிக்கிறார்கள் என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

“வடிவா எழுதுங்கோ, கையெழுத்து விளங்கேல்ல,” என்றாள்.