கடலோடு போன தலைப்பாகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மலைநாட்டில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை வேலைவாங்கும் கங்காணி. என் முன்னால் எந்த ஆளும் தலைப்பாகையோடு நிற்கக் கூடாது. அது நான் வைத்த வழக்கமில்லை. ஆனால் அடித்து நடத்தியவன் நான்.

ஒரு லீவில் கடற்கரை ஊரான பேருவளைக்குப் போனேன். பெட்டி தூக்க என் ஆள் சின்னையாவையும் கூட்டிப்போனேன். அங்கே ஒரு தோணிக்காரர், கப்பல்களுக்கு விளக்குக் காட்டும், தீவிலுள்ள பழைய வெளிச்சவீட்டைப் பார்க்க ஆட்களை ஏற்றிப்போவார். நாங்களும் ஏறினோம். வெளிச்சவீடு கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், சின்னையாவைப் பார்த்து, "வெயில் மண்டையப் பொளக்குது, தலப்பாவக் கட்டுங்க தம்பி" என்றார். அவனும் கக்கத்தில் வைத்திருந்த துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

"யாரு முன்னால கட்டுற? அவுருடா!" என்று எழுந்தேன். தோணி சாய்ந்தது. நீச்சல் தெரியாத சின்னையா கடலில் விழுந்தான்.

தோணிக்காரர் குதித்து, முடியைப் பிடித்து இழுத்து ஏற்றினார். "கடலும் ஒங்கட தோட்டமா?" என்று என்னைக் கேட்டார்.

சின்னையா உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, வெறுந்தலையைத் தடவிப் பார்த்தான்.

"தலப்பா போயிருச்சுங்க. இனிமே கட்டமாட்டேன், கோவிச்சுக்காதீங்க ஐயா" என்று என்னைக் கும்பிட்டான்.

வெளிச்சவீட்டில் ஏறினேன். என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

ரயிலில் ஹட்டன் வந்து இறங்கியதும் அவனுக்குப் புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து நின்றான்.

"கட்டிக்க சின்னையா."

"வேணாங்க" என்று இன்னும் இறுக்கிக்கொண்டான்.

அவனுக்குள் அந்தப் பயத்தை வைக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. ஒரு துண்டைக் கொடுத்து அதை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.