பாக்கலாம், கை வெக்கக்கூடாது

எங்க ஓனரு டீ வாங்கிக் குடுத்து சிரிச்சுப் பேசினா இன்னிக்கும் எனக்குப் பத்திகினு வருது. நல்ல மனுஷன்தான். அதான் எரிச்சல் இன்னும் ஜாஸ்தி.

செங்கல்பட்டுல எங்க வேன் ஆபீஸு. சிறுசேரியில வேலை பாக்கற பொண்ணுங்களை வூட்டு வாசல்ல ஏத்தி, வூட்டு வாசல்ல இறக்கறது தொழில். வேன் பின்னாடி பெருசா அப்படித்தான் எழுதியே கீது. எந்த வேன் எந்த ரூட்டுன்னு போடறது நான். எந்தப் பொண்ணு எந்தத் தெரு, எந்த வூடு, எப்ப வாசலுக்கு வரும், எல்லாம் நெட்ல ஒரே இடத்துல கீது. டிரைவருங்க போன்ல தொறந்து பாத்துக்குவாங்க. ஆளுக்கு ஒரு ஐடி, ஆனா பாஸ்வேர்டு எல்லாருக்கும் ஒண்ணு. ஓனரு மொதல்ல வாங்கின வேனோட நம்பரு. ராசியாம்! வேலையை விட்டுப் போனவனோட ஐடியையும் எடுக்க மாட்டாரு. கேட்டா, "திரும்பி வந்தான்னா இன்னா பண்ணுவே?"ன்னுவாரு.

புருஷன் அடி தாங்காம திருவிடந்தையை விட்டு ஓடி வந்த பொண்ணு ஒருத்தி எங்க வேன்ல வருவா. திருக்கழுக்குன்றத்துல ஒரு மாடி ரூம்ல தனியா இருந்தா. அவ புருஷன் ஒரு காலத்துல எங்ககிட்ட வேன் ஓட்டினவன். "அக்கா, நான் எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சா செத்தேன்"னு என் முன்னாடி உக்காந்து அழுதா. நேரா ஓனருகிட்ட போயி அவன் ஐடியை எடுங்கன்னேன். அதை எடுக்கற உரிமை அவரு ஒருத்தருகிட்டதான். "பாக்கலாம்மா"ன்னாரு.

அப்பதான் எங்களுக்கு வேலை குடுக்கற ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, உங்க சிஸ்டத்தைக் காவல் காக்க வெளியாளு வைங்கன்னு நெருக்குச்சு. அந்த வேலை பண்றவங்க வந்து வெவரமா சொன்னாங்க. உள்ள யாரு வராங்கன்னு ராப்பகலா பாப்பாங்க. தப்பான ஆளு வந்தா அவங்களே கதவைச் சாத்துவாங்க. ஓனரு மொதல் பாதிக்குத் தலையாட்டினாரு. ரெண்டாவது பாதிக்கு மூஞ்சி மாறிடுச்சு.

"வெளியாளுகிட்ட சாவியைக் குடுக்கறதா? அவன் பாட்டுக்குப் பூட்டிட்டான்னா காலையில வேன் எப்டிப் போவும்? பாக்கட்டும். கை வெக்கக்கூடாது. நான் சொன்னாதான் பூட்டணும்."

"காவலுக்கு ஆளு வெச்சு, அவன் கையைக் கட்டிப் போடறீங்களே சார்!"ன்னேன். சிரிச்சாரு.

ஆயுத பூஜை வந்துச்சு. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மேல ஒரு முழம் பூ. ஆனா சிறுசேரியில லீவு இல்ல. வேனெல்லாம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு வழக்கம்போலக் கெளம்பிப் போச்சு. சாயங்காலம் காவல் கம்பெனியில இருந்து போன்.

"மேடம், பழைய டிரைவர் ஐடி ஒண்ணு உள்ள வந்திருக்கு. ஒவ்வொரு ரூட்டா திறந்து பார்த்துட்டிருக்காரு."

ஐடியைச் சொன்னான். அந்தப் பொண்ணோட புருஷனேதான்.

"பூட்டுங்க! மொதல்ல பூட்டுங்க!"

"உங்க ஓனர் சொல்லணும் மேடம். அந்த ஆளு இப்ப கேளம்பாக்கம் ரூட் பார்க்கறாரு."

வாசல்ல பூசணிக்காயோட நின்னுகினு இருந்த ஓனருகிட்ட ஓடினேன். "சார், ஒரு வார்த்தை சொல்லுங்க, பூட்டிடுவாங்க!" அவரு கையில கற்பூரம். "பூஜை போட்டதுல இன்னிக்கி யாரும் கை வெக்கக்கூடாதும்மா. நாளைக்கு விஜயதசமி, எடுத்துப் பாத்துக்கலாம்."

"வேன் மட்டும் ஓடுதே! அதுக்கு மட்டும் சாமி பர்மிஷன் குடுத்துச்சா?"

"நல்ல நாள் அதுவுமா கத்தாதே."

பிளக்கைப் பிடுங்கலாமான்னு போன்ல கேட்டேன். பிரயோஜனம் இல்ல மேடம், அது நெட்ல இருக்குன்னான். "இப்ப திருக்கழுக்குன்றம் ரூட் திறந்துட்டாரு."

அவளுக்கு அடிச்சேன், எடுக்கல. வேலை பாக்கற எடத்துல போனை லாக்கர்ல வெச்சுடணும். வேன் டிரைவருக்கு அடிச்சு, அந்தப் பொண்ணை வூட்டாண்ட இறக்காதே, கூட வேலை பாக்கற பொண்ணு யாரு வூட்லயாவது விட்டுடுன்னேன். விட்டுட்டான். அவ உசுரு தப்புச்சு. அந்த ஆளு விடியற வரைக்கும் அவ வூட்டு கேட்டாண்ட நின்னுகினு, ஹவுஸ் ஓனரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போயிருக்கான். மறுநாளே அவரு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. தப்பு பண்ணவன் ஊரு சுத்தறான், இவளுக்கு வூடு போச்சு. இன்னா நியாயம் இது?

விஜயதசமி அன்னிக்கிப் பூவெல்லாம் எடுத்துட்டு, ஓனரு காவல் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. பாக்கறதும் நீங்களே, பூட்டறதும் நீங்களேன்னு. பழைய ஐடியெல்லாம் போச்சு, பாஸ்வேர்டும் ஆளுக்கு ஒண்ணு. "பாத்தியாம்மா, நல்ல நாள்ல ஆரம்பிச்சுட்டோம்"னு எங்கிட்ட சொன்னாரு. வாயைத் தொறந்தா இன்னா வருமோன்னு எழுந்து வெளியில போயிட்டேன்.

புது எடம் பாத்துட்டு அவ எங்க ஆபீஸுக்கு வந்தா. நான் எல்லாத்தையும் சொன்னேன். இப்ப எல்லாம் பத்திரம், யாரும் உள்ள வர முடியாது, அட்ரஸைச் சொல்லும்மான்னேன்.

"வேணாம்க்கா. எழுதாதீங்க. மெயின் ரோட்டுல நின்னுக்கறேன்."

இப்பவும் அங்கதான் நிக்கறா, மழையானாலும் குடையைப் புடிச்சுகினு. வூட்டு வாசல்ல ஏத்தி வூட்டு வாசல்ல இறக்குவோம்னு பின்னாடி எழுதின அந்த வேன்லதான் ஏறிப் போறா.